ஒரே மதிலுக்குள் மணியும் மினாரும்

காலை ஒன்பது இன்னும் ஆகவில்லை. முட்டி இரண்டும் கடகடவென்று ஆடுகின்றன, தொண்டை வறண்டு கிடக்கிறது, மூக்கு நுனி குளிரில் மரத்துப்போயிருக்கிறது, எனக்கோ சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருக்கிறது! ஏனென்றால் கற்படிகளின் ஒரு வளைவைத் திரும்பியதும் அதோ கீழே, சிவந்த கிரானைட் மலைகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்க, நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து வைத்ததுபோல ஒரு கோட்டை. பக்கத்தில் சைப்ரஸ் மரங்களின் கரும்பச்சை வரிசை. சுற்றிலும் வேறு பச்சையே கிடையாது.

"அக்கா! அக்கா, அதோ!"

நான் போட்ட சத்தத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, முன்னால் போய்க்கொண்டிருந்த பெதுயின் வழிகாட்டித் தம்பி திரும்பி ஓடிவந்துவிட்டான். "டேய், முதல்ல மூச்சு விடுடா" என்றாள் அக்கா. எப்படி விடுவேன், சொல்லுங்கள்! மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எரியும் முட்புதரைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து நான் காத்திருந்த இடம் இது. கடவுள் மோசேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நம்பப்படும் இடம். எகிப்து நாட்டின் சீனாய் தீபகற்பம். புனித கத்தரீனா மடம்!

உலகத்தில் இன்றைக்கும் துறவிகள் குடியிருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ மடங்களில் இது ஒன்று. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். கட்டியவர் பைசாந்தியப் பேரரசர். அதன்பின் இந்த மண்ணை யார் யார் ஆண்டார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அரபுக் கலீஃபாக்கள், ஃபாத்திமியர், அய்யூபியர், மம்லூக்குகள், உதுமானியர், நடுவில் நெப்போலியனின் படை, பிறகு பிரிட்டிஷார், 1967 போருக்குப்பின் இஸ்ரேல், அப்புறம் மறுபடி எகிப்து. ஒரு கை விரல் போதாது! இத்தனை பேர் வந்தும் மடம் தப்பித்தது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தபிறகுதான் புரிந்தது, அது வெறுமனே தப்பித்து நிற்கவில்லை. வந்தவர்களில் பலர் இந்த மதிலுக்குள் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத்தான் உங்களிடம் சொல்லத் துடிக்கிறேன்.

முந்தின நள்ளிரவில் மலையேறத் தொடங்கினோம். ஜெபல் மூசா, மோசேயின் மலை, 2,285 மீட்டர். கையில் டார்ச், முன்னால் ஒட்டகத்தின் மூச்சு, தலைக்குமேல் கை நீட்டினால் தட்டுப்படும்போல நட்சத்திரங்கள். வழியில் சின்னக் குடில்களில் பெதுயின்கள் தரும் தேநீர், நாக்கைச் சுடும் சூடு, உதட்டில் ஒட்டும் சர்க்கரை. உச்சியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, மலைமேல் மலையாகக் கறுப்பு, நீலம், ஊதா, கடைசியில் செம்பு நிறம் என்று மாறிக்கொண்டே வந்த அந்த விடியலைப் பார்த்தோம். இறங்கும்போது துறவிகள் கல்லைச் செதுக்கி அடுக்கிய படிகள் வழியாக வந்தோம். மனம்வருந்துதலின் படிகள் என்று பெயர். 3,750 என்று கணக்குச் சொல்கிறார்கள். நான் எண்ணத் தொடங்கி இருநூறுக்குள் விட்டுவிட்டேன். நடுவில் ஒரு கல் வளைவு இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஸ்தேவான் என்ற துறவி அங்கே உட்கார்ந்து, மேலே போகிறவர்களின் பாவ அறிக்கையைக் கேட்டுத்தான் அனுப்புவாராம். அந்த வளைவுக்கு அடியில் நானும் ஒரு நிமிஷம் தனியாக நின்றேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அந்தக் கல்லுக்கும் மட்டும் தெரியும்.

இப்போது மதிலடிக்கு வாருங்கள். அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்கும் வரைக்கும். கிரானைட் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி அளவு, சுவரின் கனம் 2 முதல் 3 மீட்டர். ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய மதில். 380-களிலேயே எகேரியா என்ற பெண்மணி மேற்கிலிருந்து இவ்வளவு தூரம் யாத்திரை வந்து, முட்புதரையும் அதன் பக்கத்தில் ஒரு கோயிலையும் துறவிகளையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அப்போது மதில் கிடையாது. தனியாகக் குகைகளில் தவமிருந்தவர்களைப் பாலைவனக் கொள்ளையர் தாக்கினார்கள். அதனால்தான் இந்தக் கோட்டை.

சரி, எப்போது கட்டினார்கள் என்று எப்படித் தெரியும்? கேளுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த இடம்! கோயில் கூரையைத் தாங்கும் பழைய மர உத்தரங்களில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒன்றில் ஜஸ்டினியனுக்கு நல்வாழ்வு வேண்டுகிறார்கள். இன்னொன்றில் அரசி தியோடோராவை மறைந்தவராக நினைவுகூர்கிறார்கள். தியோடோரா இறந்தது 548-ல், ஜஸ்டினியன் இறந்தது 565-ல். ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த உத்தரம் ஏறியிருக்கிறது! மூன்றாவது எழுத்து யாருடையது தெரியுமா? அய்லா ஊர் ஸ்தேபன், கட்டடத்தைக் கட்டிய கைகாரர். கடவுளே என்மேல் இரக்கம் வையும் என்ற வேண்டுதலோடு அவர் பேரும் மேலே இருக்கிறது. பேரரசர், பேரரசி, கொத்தனார், மூன்று பேரும் ஒரே கூரையில். கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்தக் கொத்தனாருக்காக என் கண் கலங்கியது, மறைக்க முயலவும் இல்லை.

மதிலின் உயரத்தில் ஒரு மரக்கூண்டு துருத்திக்கொண்டு நிற்கிறது, பார்த்தீர்களா? பல நூற்றாண்டுகள் அதுதான் வாசல். கீழே கதவு அடைத்திருக்கும். வருகிறவர் தன்னிடம் இருக்கும் அறிமுகக் கடிதத்தைக் காட்ட வேண்டும், மேலேயிருந்து கயிறு இறங்கும், கயிற்றில் கூடை, கூடையில் உட்கார்ந்தால் துறவிகள் உருளையைச் சுற்றிச் சுற்றி மேலே இழுப்பார்கள். நினைத்துப் பாருங்கள்! பல நாள் ஒட்டகத்தில் குலுங்கி வந்து, கடைசியில் காற்றில் தொங்கியபடி, கிணற்றுக் குடம்போல ஆடி ஆடி மேலே போவதை! ரொட்டியும் தானியமும் அதே கயிற்றில்தான் ஏறி இறங்கின. இன்றைக்கு நாம் நுழைவது பக்கத்துச் சின்னக் கதவு வழியாக. குனிந்துதான் போக வேண்டும். குனிந்தேன், நிமிர்ந்தேன், உள்ளே இருந்தேன்!

முதலில் வாசனை. சாம்பிராணி, மெழுகு, பழைய மரம், வெயில் பட ஆரம்பித்த கல். அடுத்து சந்துகள், படிகள், வெள்ளையடித்த வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் அறைகள், எங்கேயோ ஒரு பூனை. அடுத்து, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற அந்தக் காட்சி. ஒரு பக்கம் தேவாலயத்தின் மணிக்கூண்டு. அதிலிருந்து எட்டும் தூரத்தில், அதே மதிலுக்குள், அதே முற்றத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு மினார். பள்ளிவாசல்! கிறிஸ்தவத் துறவிகள் வாழும் மடத்துக்குள்ளே, கோயிலுக்கு எதிரிலேயே, ஃபாத்திமியர் காலத்துப் பள்ளிவாசல். 1106-ல் வஸீர் அல்-அஃப்தல் கொடுத்த மரத்தால் ஆன மின்பர், அதாவது உரைமேடை, அதற்குள் இன்னும் இருக்கிறது. படையெடுத்து வந்த ஆட்சியாளர் உள்ளே ஒரு பள்ளிவாசல் இருப்பதைக் கேட்டுக் கை வைக்காமல் திரும்பினார் என்று கதை சொல்வார்கள். மணிக்கூண்டு பிறகு வந்தது. 1871-ல் ரஷ்யாவிலிருந்து வந்த மணிகள் அதில் தொங்குகின்றன. மினார் மூத்தது, மணிக்கூண்டு இளையது, இரண்டும் ஒரே ஆகாயத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. நான் நாலு தடவை இடம் மாறி மாறி நின்று பார்த்தேன், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை.

இது எப்படி நடந்தது? மடத்து மரபு ஒரு சாசனத்தைக் காட்டுகிறது. அஷ்தினாமே என்பது அதன் பெயர். துறவிகள் மதீனாவுக்கு ஆள் அனுப்பி நபிகள் நாயகத்திடம் காப்புக் கேட்டார்கள், அவர் தம் கைத்தடத்தைப் பதித்துச் சாசனம் தந்தார் என்பது அவர்களுடைய மரபு. 1517-ல் எகிப்தைப் பிடித்த உதுமானிய சுல்தான் முதலாம் சலீம் மூலத்தை இஸ்தான்புல்லுக்கு எடுத்துக்கொண்டு, நகலை மடத்துக்குத் தந்தார் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கைத்தடம் வரைந்த படியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். ஐந்து விரலும் விரித்த கை. என் கையை அறியாமலே தூக்கிக் கண்ணாடியின் எதிரே விரித்துவிட்டேன்! அந்த ஒரு தாளோடு முடியவில்லை. ஃபாத்திமியர் காலம் முதல் ஆட்சியாளர் பலர் கொடுத்த காப்பாணைகள் இந்த மடத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 1798-ல் எகிப்துக்கு வந்த நெப்போலியனும் ஒன்று எழுதிக் கொடுத்தார்; இடிந்த மதிலை அவருடைய தளபதி கிளேபர் ஆள் அனுப்பிச் செப்பனிட வைத்தார். ஜஸ்டினியன் கட்டிய சுவரை நெப்போலியனின் ஆட்கள் பூசியிருக்கிறார்கள், நடுவில் 1,200 வருஷத்துக்கு மேல் இடைவெளி, சுவர் மட்டும் ஒரே சுவர்!

இனி கோயிலுக்குள். கதவைத் தொடும்முன் ஒரு நொடி நில்லுங்கள். உள்கதவு லெபனான் தேவதாரு மரம், ஆறாம் நூற்றாண்டுக் கதவு. சுமார் 1,400 வருஷமாகத் திறந்து மூடித் திறந்து மூடி இன்னும் கீலில் நிற்கிறது. உள்ளே ஒற்றைக் கிரானைட் தூண்கள், கூரையிலிருந்து நெருக்கமாகத் தொங்கும் விளக்குகள், கண் பழகக் கொஞ்ச நேரமாகும் இருட்டு. பலிபீடத்துக்கு மேலே பொன்பின்னணியில் மோசைக், இயேசுவின் உருமாற்றம். வலமும் இடமுமாக மோசேயும் எலியாவும், காலடியில் மிரண்டுபோன மூன்று சீடர்கள். முன்னால் உயரமான மரத் திருத்திரை வந்து நிற்பதால் முழுசாகத் தெரியாது, எட்டி எட்டித்தான் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்துக் கிடைத்த அந்தத் துண்டுப் பொன் எனக்குப் போதும்.

ஆனால், அருங்காட்சியகத்தில் அந்த முகம்! ஐயோ, அந்த முகத்தைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்! கிறிஸ்துவின் ஓவியம், ஆறாம் நூற்றாண்டு, சாயத்தைச் சூடான மெழுகில் குழைத்துத் தீட்டியது. உயரம் 84 சென்டிமீட்டர்தான். ஒரு கையால் முகத்தின் வலப்பாதியை மறைத்துப் பாருங்கள், பிறகு இடப்பாதியை மறைத்துப் பாருங்கள். ஒரு பாதி மன்னித்துவிட்ட முகம், மறுபாதி எல்லாம் தெரிந்த நீதிபதியின் முகம். கன்னத்தில் மெழுகின் தடவல் இன்னும் ஈரமாக இருப்பதுபோல மினுங்குகிறது. இந்த ஓவியம் எப்படி நம் கைக்கு வந்தது என்று கேட்டால் மயிர்க்கூச்செறியும். 726 முதல் 843 வரை, இடையில் கொஞ்ச காலம் தவிர்த்து, பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை அழிக்கச் சொல்லிப் பேரரசர்களே ஆணையிட்டார்கள். கான்ஸ்டான்டினோப்பிளில் உருவங்கள் சுரண்டப்பட்டன, எரிக்கப்பட்டன. சீனாயோ தப்பியது, ஏனென்றால் அப்போது இங்கே ஆட்சி கலீஃபாவுடையது, கிறிஸ்தவப் பேரரசரின் ஆணை இந்தப் பாலைவனத்துக்கு எட்டவில்லை! கிறிஸ்துவின் மிகப் பழைய இந்த முகம் பிழைத்திருப்பது இஸ்லாமிய ஆட்சியின் நிழலில். இதை மனதில் ஓட்டிக்கொண்டே அந்தக் கண்களைப் பார்த்தேன், நகர முடியவில்லை, பின்னால் வரிசை நெருக்குகிறது, யாரோ தோளில் தட்டுகிறார்கள், நான் நகரவில்லை, அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தாள், அவளும் நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் அவளும் நகரவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் ஏணி ஓவியமும் உண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஏணிப்படியில் துறவிகள் வரிசையாக விண்ணுக்கு ஏறுகிறார்கள், கறுப்புக் குட்டிப் பேய்கள் கயிறு போட்டும் கொக்கி போட்டும் இழுக்கின்றன, சிலர் தலைகீழாக விழுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் இதே மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கஸ் முப்பது படிகளாக எழுதிய ஞான நூலின் படம் அது. அந்த 3,750 படிகள் இறங்கிவந்த கால்களோடு அந்த ஏணியைப் பாருங்கள், ஒவ்வொரு துறவியின் முட்டிவலியும் உங்களுக்குத் தெரியும்!

நூலகத்துக்குள் நம்மைப்போன்றவர்களை விடமாட்டார்கள். அது ஒன்றுதான் எனக்கு மனத்தாங்கல், அதுவும் நியாயமான கட்டுப்பாடு. உள்ளே 3,300-க்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள்: கிரேக்கம், அரபு, சிரியாக், ஜார்ஜியன், ஸ்லாவோனிக், எத்தியோப்பியம். நாலாம் நூற்றாண்டில் தோலில் எழுதிய கிரேக்க விவிலியம் இங்கே இருந்தது. ஜெர்மன் அறிஞர் டிஷென்டார்ஃப் 1844-ல் 43 தாள்களைக் கொண்டுபோனார். 1859-ல் இன்னும் 347 தாள்கள், திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்து வாங்கியவை, ரஷ்யப் பேரரசரிடம் போய்ச் சேர்ந்தன. 1933-ல் சோவியத் அரசு அவற்றை 1,00,000 பவுண்டுக்குப் பிரிட்டனுக்கு விற்றது. துறவிகளுக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. இப்போது கேளுங்கள்: 1975-ல் வடக்கு மதிலை ஒட்டி, நெடுங்காலமாக மண் மூடிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். குப்பை மண்ணுக்குள் 1,100-க்கு மேற்பட்ட சுவடிகளும் துண்டுகளும்! அவற்றில் அதே பழைய விவிலியத்தின் பன்னிரண்டு தாள்கள்! ஊரெல்லாம் போன பிள்ளைகளில் சிலர் வீட்டு மூலையிலேயே ஒளிந்திருந்ததுபோல!

அதோடு நிற்கவில்லை. தோல் விலை அதிகம் என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதும் வழக்கம் இருந்தது. 1892-ல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் ஒட்டகத்தில் வந்து, ஒட்டிப்போன தாள்களைத் தேநீர்க் கெண்டியின் ஆவியில் காட்டிப் பிரித்து, மேலெழுத்துக்கு அடியில் சிரியாக் மொழியின் மிகப் பழைய நற்செய்திப் பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1975-ல் கிடைத்த குவியலிலோ, சில கல்வெட்டுகளைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத காக்கேசிய அல்பேனிய மொழி, ஜார்ஜிய எழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது! ஒரு மக்களின் நூல்கள் அத்தனையும் அழிந்துபோன பிறகு, அவர்கள் மொழி இந்தப் பாலைவனத்தில், சுரண்டப்பட்ட தோலில், மிச்சமாக இருந்திருக்கிறது. மடத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள், அடி எழுத்து போகவே இல்லை.

வெளியே வந்து முட்புதருக்கு முன்னால் நின்றோம். கல் சுவரின்மேலிருந்து பச்சையாக வழிந்து தொங்கும் கொடிப்புதர். கைக்கு எட்டும் கிளைகளை வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டு ஒழுங்காக வெட்டினதுபோல ஆகிவிட்டது. நான் தொடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன், கல் சில்லென்று இருந்தது. யாரும் சொல்லவில்லை, தானாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் அக்கா கையிலும் செருப்பு.

வழிகாட்டித் தம்பி அப்போதுதான் தன் கதையைச் சொன்னான். அவன் ஜெபலியா குலம். மடத்தைக் காக்க ஜஸ்டினியன் வெளிநாட்டிலிருந்தும் எகிப்திலிருந்தும் குடிவைத்த குடும்பங்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. காலப்போக்கில் முஸ்லிம்கள் ஆனார்கள், காவலை மட்டும் விடவில்லை. "என் அப்பா இங்கே வேலை செய்தார், தாத்தாவும் இங்கேதான்" என்றான், பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்கிறவன்போல. எனக்குப் பேச்சு வரவில்லை. மதம் மாறியது, அரசு மாறியது, மொழி மாறியது, வேலை மாறவில்லை!

2025 மே மாதம் எகிப்திய நீதிமன்றம் ஒன்று, மடத்து நிலம் அரசுக்குச் சொந்தம், துறவிகளுக்குப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்ததைப் படித்தபோது நெஞ்சு திக்கென்றது. மடத்தின் புனித நிலைக்குக் குறைவு வராது என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் காக்கப்பட வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்கிறேன். சுல்தான்கள் காத்த சொல் அது.

நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, எந்த மதமும் இல்லாவிட்டாலும் சரி, ஒருமுறை போய்விட்டு வாருங்கள். சில நாட்களில் மடம் பார்வைக்கு மூடியிருக்கும், மற்ற நாளில் காலையில் சில மணி நேரம்தான் திறப்பார்கள்; அதனால் முந்தின இரவே மலையேறி, விடிந்ததும் படிவழியாக இறங்கி வாருங்கள். முற்றத்தில் மணிக்கூண்டும் மினாரும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். அது போதும்.